பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க: சேலத்தில் இருந்தாலும் சரி, வெளிநாட்டில் இருந்தாலும் சரி

முதலில் உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து வாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலோ, வீட்டுப் பத்திரத்தோடு ஒரே பையிலோ இருக்கும். போட்டோ உள்ள பக்கத்தில் காலாவதி தேதி இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்குக் கீழே சரியாக ஒரு வருடம் முந்தைய தேதியை எழுதுங்கள். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த இரண்டாவது தேதியைத்தான். காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா மகன் வேலைக்குக் கிளம்பி, ஓமலூரிலிருந்து பெங்களூரு வரை கார் பிடித்துப் போய், விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டான். பாஸ்போர்ட் காலாவதியாகவில்லை. நான்கு மாதமும் சில நாட்களும் மிச்சம் இருந்தன. அவன் போகவிருந்த நாடு உள்ளே வரும் நாளில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடு. அப்படிக் கேட்கும் நாடுகள் நிறைய இருக்கின்றன. அன்று மாலை அவன் வீட்டுத் திண்ணையில் பெட்டியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் யாருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தாலும் தேதியைக் கணக்குப் போடும் பழக்கம் எனக்கு வந்தது. நானே பதினோரு வருடம் வளைகுடாவில் இருந்தவன். ஒரு முறை அங்கேயும் ஒரு முறை விடுப்பில் வந்தபோது சேலத்திலும் புதுப்பித்திருக்கிறேன். இரண்டு வழியையும் இங்கே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். நாம் புதுப்பித்தல் என்று சொன்னாலும், பழைய புத்தகத்தில் தேதியை நீட்டித்துத் தருவதில்லை. புது எண்ணோடு புதுப் புத்தகம் தருகிறார்கள். விண்ணப்பத்தில் இதற்குப் பெயர் ரீ-இஷ்யூ. அதனால் பழைய பாஸ்போர்ட் எண்ணை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் பின்னால் மாற்ற வேண்டியிருக்கும். பழைய புத்தகத்தை ரத்து முத்திரை போட்டு உங்களிடமே திருப்பித் தந்துவிடுவார்கள்.

பெயரை நேர் செய்யுங்கள்

பாஸ்போர்ட் வேலையில் அலைச்சல் வருவது பெரும்பாலும் அலுவலகத்தால் இல்லை. நம் கையில் இருக்கும் காகிதங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாததால்தான். அதிலும் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியலை அப்படியே போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். உங்கள் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும்.

உதாரணத்துக்கு, ப. குமரேசன் என்று ஒருவர். அப்பா பெயர் பழனியப்பன். இவர் பெயர்க் கட்டத்தில் குமரேசன் என்றும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் பழனியப்பன் என்றும் எழுதலாம். குடும்பப் பெயரைக் காலியாக விட்டாலும் விண்ணப்பம் ஏற்கப்படும். ஆனால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் படும் பாடு கொஞ்சமில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் பதறினார்கள் தெரியுமா? பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இன்னொரு விதம். குடும்பப் பெயர் இல்லாவிட்டால் உங்கள் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகளை அச்சடித்துவிடுவார்கள். அதன் பிறகு அங்கே வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்றெழுத்தே உங்கள் பெயராகிவிடும். ஆகவே என் அபிப்பிராயம்: இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். புதுப்பிக்கும் நேரம்தான் இதைச் சரிசெய்ய நல்ல நேரம். ஆனால் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ பழைய பெயரில் இருந்தால், அது முடிகிற வரை கை வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால் பிறகு அதை விளக்கியே நாள் போகும்.

அடுத்தது எழுத்து. ஒரு மாலை நேரம் ஒதுக்கி, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பான், வாக்காளர் அட்டை, பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பாயில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் உள்ள உங்கள் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். எங்கள் அம்மாவின் காகிதங்களை நான் இப்படித்தான் பார்த்தேன். தாத்தா பெயர் பெரியசாமி. ஒன்றில் ‘ஒய்’ இருந்தது, இன்னொன்றில் ‘ஐ’ மட்டும் இருந்தது, மூன்றாவதில் இரண்டுமே இல்லை. தமிழில் படிக்கும்போது மூன்றும் ஒன்றுதான். கணினிக்கு அவை மூன்று வேறு மனிதர்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருக்கும். வேறுபாடு இருந்தால் ஆதாரை முதலில் திருத்துங்கள். அது சரியாகி வந்த பிறகு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். இதற்குத்தான் ஒரு வருடம் முன்பே தொடங்கச் சொன்னேன்.

திருமணமானவர்கள் கணவர் அல்லது மனைவியின் பெயரைச் சேர்க்க நினைத்தால், திருமணப் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பது நல்லது. பெண்கள் திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. அப்பா பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்டை அப்படியே தொடரலாம். மாமியார் வீட்டில் யாராவது சொன்னார்கள் என்பதற்காக அவசரப்பட்டு மாற்றி, பிறகு பட்டப்படிப்புச் சான்றிதழோடு ஒட்டாமல் தவித்த பெண்களை எனக்குத் தெரியும்.

முகவரிச் சான்று

ஆதாரில் இப்போது குடியிருக்கும் முகவரி இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, குடிநீர் ரசீது, கேஸ் இணைப்பு, போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று. ரேஷன் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஏற்காட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. காபித் தோட்டத்துக் குடியிருப்பில் இருப்பவர்கள் வீட்டுக்கு மின்ரசீது தோட்டத்தின் பெயரில் வரும். கதவு எண் இருக்காது. என் பெரியம்மா வீட்டு முகவரியே தோட்டத்தின் பெயரும் ஊர் பெயரும் தபால் நிலையத்தின் பெயரும்தான். அப்படிப்பட்டவர்கள் ஆதார் முகவரியைத் தெளிவாக வைத்துக்கொள்வதும், வங்கிப் பாஸ்புக்கில் அதே முகவரியை அச்சடித்து வாங்குவதும்தான் சுருக்கமான வழி. பின்கோடு சரியாக இருக்க வேண்டும். போலீஸ் விசாரணையும் கடைசியில் தபாலும் அந்த முகவரியைத் தேடித்தான் மலையேறி வரப்போகின்றன.

விண்ணப்பம் போடுவது

வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு எம்-பாஸ்போர்ட் சேவா என்ற செயலியும் உண்டு. தள முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி நிறமும் அசோகச் சின்னமும் போட்டு, கூடுதல் பணம் கறக்கும் போலித் தளங்கள் தேடலில் மேலேயே வரும். வெளியுறவுத் துறையே இவற்றைப் பற்றிப் பல முறை எச்சரித்திருக்கிறது.

படிவத்தை நீங்களே நிரப்ப முடியும் என்று மனதார நம்புகிறேன். ஆங்கிலம் தடுமாறினால் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் வேகமாக அடித்துவிடுவார்கள். ஆனால் உங்கள் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் அது அவர்கள் கண்ணில் படாது. அங்கேதான் போட வேண்டியிருந்தால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி முழுதும் படியுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும், கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது.

1. தளத்தில் புதுப் பயனராகப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் எது என்று கேட்கும்போது கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுங்கள். சேலம் மாவட்டம் அந்த மண்டல அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது.

2. உள்ளே நுழைந்து, புதுப் பாஸ்போர்ட் அல்லது ரீ-இஷ்யூ என்ற இணைப்பை அழுத்தி, அதில் ரீ-இஷ்யூவைத் தேர்ந்தெடுங்கள். காரணம் கேட்கும். காலாவதி ஆகப்போகிறது அல்லது ஆகி மூன்று வருடத்துக்குள் இருக்கிறது என்றால் ஒரு தேர்வு, மூன்று வருடம் தாண்டிவிட்டது என்றால் வேறொரு தேர்வு. பக்கங்கள் தீர்ந்துபோனது, தொலைந்தது, சேதமானது எல்லாம் தனித்தனிக் காரணங்கள். பெயர், முகவரி ஏதாவது மாறினால் அதையும் இங்கேயே குறிக்க வேண்டும்.

3. 36 பக்கமா 60 பக்கமா என்று கேட்கும். 36 பக்கத்துக்குக் கட்டணம் 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000 ரூபாய். அடிக்கடி போய்வருகிறவர்கள், கப்பலில் வேலை செய்பவர்கள் யோசிக்காமல் 60 பக்கம் வாங்குங்கள். மற்றவர்களுக்கு 36 தாராளம்.

4. ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) பற்றிய கேள்வியில் நில்லுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற முத்திரை இருக்கும். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வு அதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் எடுத்த பிறகு நீங்கள் பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலோ, வருமான வரி கட்டுபவராக இருந்தாலோ, 50 வயது தாண்டியிருந்தாலோ, வெளிநாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்திருந்தாலோ அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டுக்குத் தகுதி உண்டு. அதற்கான சான்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் வாய்ப்பு இது.

5. உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போலீஸிடமிருந்து திடீரென்று போன் வந்தால் யாருக்கும் பயம்தான் வரும்.

6. படிவத்தை அனுப்பியதும் விண்ணப்ப எண் கிடைக்கும். பணம் கட்டி, சேவை மையத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். சேலத்தில் தபால் துறையோடு சேர்ந்து நடத்தும் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 2017இல் நாடு முழுக்கத் தபால் நிலையங்களில் இந்த மையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு நாமெல்லாம் விடியற்காலையில் பஸ் ஏறிக் கோவைக்குப் போய்வந்தோம். சேலத்தில் நாள் கிடைக்கவில்லை என்றால் கோவையையும் பார்க்கலாம். 2018 ஜூனிலிருந்து நாட்டின் எந்த ஊர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று ஆகிவிட்டது. கட்டிய பணம் ஒரு வருடத்துக்குச் செல்லும். அதற்குள் நாளை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் முடியாது.

போகிற நாள்

மையத்தின் சரியான முகவரி ரசீதிலேயே இருக்கும். ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்குக் காலை நேரம் கிடைத்தால் முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் பனியும் மழைக்காலத்தில் கல் சரிவும் இருக்கும் சாலையை நம்பி ஒன்பதரை மணிக்கு நேரம் குறிக்காதீர்கள். மதியத்துக்கு மேல் கிடைத்தால் அதைப் பிடியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பழைய பாஸ்போர்ட் அசல், அதன் முதல் இரண்டு பக்கம் மற்றும் கடைசி இரண்டு பக்கத்தின் ஜெராக்ஸ், முகவரிச் சான்று அசலும் ஜெராக்ஸும், பெயரிலோ வேறு எதிலோ மாற்றம் இருந்தால் அதற்கான சான்று. ஜெராக்ஸ் ஒவ்வொன்றிலும் நீங்களே கையெழுத்துப் போட வேண்டும். கெஜட்டட் அதிகாரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறுஞ்செய்தியைக் காட்டினாலே உள்ளே விடுவார்கள் என்றாலும், நான் ரசீதை அச்சடித்துத்தான் எடுத்துப் போவேன். போன் சார்ஜ் தீர்ந்துபோகிற நாள் அந்த நாளாகத்தான் இருக்கும்.

போட்டோ அங்கேயே எடுப்பார்கள். பின்னணி வெள்ளை. அதனால் வெள்ளைச் சட்டை வேண்டாம், அடர்ந்த நிறம் போடுங்கள். நான்கு வயதுக்குள்ளான குழந்தைக்கு மட்டும் போட்டோ எடுத்துப் போக வேண்டும்.

அப்புறம் விரல் ரேகை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பெரியம்மாவை அழைத்துப் போனபோது கருவியில் அவர் விரல்கள் பதியவே இல்லை. நாற்பது வருடம் காபிப் பழம் பறித்த கை. நுனி விரல்கள் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் கறுப்பு வெடிப்பு ஓடியிருந்தது. அவர் பயந்துபோய், “என்னால உனக்குச் சிரமம் சாமி” என்றார். பணியில் இருந்த பெண் பொறுமையாக ஒவ்வொரு விரலையும் ஈரத்துணியால் துடைத்து, மெல்ல அழுத்திப் பிடித்து, நான்காவது முயற்சியில் வாங்கினார். தறி நெய்பவர்கள், வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால், ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரி தூங்கும் முன் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். போகிற நாள் காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும். மருதாணியை அந்த வாரம் தள்ளி வையுங்கள்.

திரையில் உங்கள் விவரங்களைக் காட்டிச் சரியா என்று கேட்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படியுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தலாம்.

விண்ணப்பித்துவிட்டால் பழைய பாஸ்போர்ட்டில் இனிப் பயணம் கிடையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் டிக்கெட் இருந்தால் போய்வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

போலீஸ் விசாரணை, தபால்

புதுப்பித்தலில் சிலருக்கு விசாரணையே இருக்காது, சிலருக்குப் பாஸ்போர்ட் வந்த பிறகு இருக்கும், முகவரி அல்லது பெயர் மாறியவர்களுக்கு முன்பே இருக்கும். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் தெரியாத எண் என்று துண்டித்துவிடாதீர்கள். அசல் சான்றுகளை ஒரே உறையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்த விசாரணைக்குத் தனியாகப் பணம் எதுவும் கிடையாது. கொடுக்காதீர்கள். உங்கள் விண்ணப்பக் கட்டணத்திலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வரும். விண்ணப்பித்தவர் வீட்டில் இருப்பது நல்லது. பூட்டிய வீடாக இருந்தால் அது பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிவிடும், பிறகு அதை மீட்பது தனி வேலை. மலைக்கிராமங்களில் தபால்காரரைத் தெரியாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு வார்த்தை முன்பே சொல்லி வையுங்கள்.

அவசரம், தொலைந்தது, குழந்தைகள்

தட்கல் முறையில் கூடுதலாக 2000 ரூபாய் கட்டினால் சில வேலை நாட்களில் அனுப்பிவிடுவார்கள். உண்மையான அவசரத்துக்கு அது நல்ல வசதி. மறதிக்காக அதைப் பயன்படுத்துவது வீண் செலவு. தொலைந்துபோனால் முதலில் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். தொலைந்ததற்கும் சேதமானதற்கும் 36 பக்கத்துக்கு 3000 ரூபாய், 60 பக்கத்துக்கு 3500 ரூபாய். மழையில் நனைந்து எழுத்து கலைந்த பாஸ்போர்ட்டும் சேதக் கணக்கில்தான் சேரும். ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டு வையுங்கள்.

குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம், அல்லது 18 வயது, எது முன்போ அதுவரை. கட்டணம் 1000 ரூபாய். பெற்றோர் இருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். குழந்தையின் பெயர் ஏறாத சான்றிதழ் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ இப்போதே சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

நீங்கள் குடியிருக்கும் ஊர் எந்த இந்தியத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். அமீரகத்தில் அபுதாபி, அல் ஐன் பக்கம் இருப்பவர்களுக்கு அபுதாபித் தூதரகம். துபாய், ஷார்ஜா, வடக்கு எமிரேட்டுகளுக்குத் துபாயில் உள்ள துணைத் தூதரகம். வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குப் பாஸ்போர்ட் சேவாவிலேயே தூதரகங்களுக்கான தனிப் பகுதி இருக்கிறது. இந்தியாவில் இருப்பவர்களுக்கான பகுதியில் தெரியாமல் பணம் கட்டிவிடாதீர்கள். நிரப்பி அச்சடித்து, போட்டோ ஒட்டி, கையெழுத்திட்டு, தூதரகம் நியமித்திருக்கும் சேவை நிறுவனத்தில் கொடுக்க வேண்டும். வி.எஃப்.எஸ்., பி.எல்.எஸ். போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. எந்த ஊரில் எந்த நிறுவனம் என்பது ஒப்பந்தம் மாறும்போது மாறும். தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டே நேரம் குறியுங்கள்.

கட்டணம் அந்த நாட்டு நாணயத்தில் இருக்கும். அதோடு சேவை நிறுவனத்துக்கு ஒரு தொகையும், இந்தியச் சமுதாய நல நிதிக்கு ஒரு சிறு தொகையும் சேரும். இந்த நிதியிலிருந்துதான் வெளிநாட்டில் சம்பளம் இல்லாமல் சிக்கிக்கொள்ளும் தொழிலாளிகளுக்கும், இறந்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்பவும் உதவுகிறார்கள். நான் மனநிறைவோடு கட்டிய தொகை அது. படிவம் அடித்துத் தருகிறோம், காபி எடுத்துத் தருகிறோம் என்று கவுண்டரில் சொல்லும் கூடுதல் சேவைகள் கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். போட்டோ அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஊரிலிருந்து எடுத்துப் போன பழைய பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்களை நம்ப வேண்டாம்.

ஊர் முகவரிக் கட்டத்தில் சேலத்து வீட்டு முகவரியைச் சரியாகக் கொடுங்கள். விசாரணை வந்தால் அங்கேதான் வரும். வீட்டில் வயதான அம்மா அப்பா மட்டும் இருந்தால், போலீஸ் வந்து விசாரிப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று முன்பே போனில் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்ததால் எங்கள் அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். எனக்கு அங்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு அவசரமாக ஊருக்கு வர வேண்டியவர்களுக்குத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அது இந்தியாவுக்கு வருவதற்கான ஒருவழிப் பயணத்துக்கு மட்டும்தான்.

விடுப்பில் வந்து புதுப்பிக்கலாமா?

புதுப்பிக்கலாம். ஆதாரிலோ வங்கிப் பாஸ்புக்கிலோ சேலத்து முகவரி இருந்தால் இங்கேயே விண்ணப்பிக்கலாம், செலவும் குறைவு. ஆனால் என் அனுபவத்தில் இதற்கு ஒரு மாத விடுப்பாவது வேண்டும். இறங்கிய மறுநாளே மையத்துக்குப் போகும்படி, அங்கிருக்கும்போதே படிவத்தை நிரப்பி நேரம் குறித்துவிட்டு வர வேண்டும். பதினைந்து நாள் விடுப்பில் வருபவர்கள், பெயரிலோ முகவரியிலோ மாற்றம் வேண்டியவர்கள் இந்த வழிக்கு வராதீர்கள். விசாரணை ஒரு வாரம் இழுத்தாலே திரும்பும் டிக்கெட் போய்விடும். அவர்களுக்குத் தூதரகமே நல்லது.

எங்கே புதுப்பித்தாலும், குடியிருப்பு அனுமதி பழைய எண்ணோடுதான் பிணைந்திருக்கும். சவுதியில் இக்காமாவில், அமீரகத்தில் விசாவில், சிங்கப்பூரில் வேலை அனுமதியில் புது எண்ணை ஏற்ற வேண்டும். கம்பெனியில் விசா, அரசுக் காகித வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம் நகலைக் கொடுத்து, மாற்றியாயிற்று என்பதைக் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள். ஊரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு இருந்தால் வங்கிக்கும் ஒரு நகல்.

கைக்கு வந்ததும்

உறையைக் கத்தரிக்கோலால் ஓரமாக வெட்டுங்கள், நடுவில் கிழித்துவிட வேண்டாம். இப்போது வருபவை சிப் வைத்த இ-பாஸ்போர்ட்டுகள். முன் அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சிறு சின்னம் இருக்கும். அதனால் மடக்குவது, துளை போடுவது, ஸ்டேப்ளர் அடிப்பது எதுவும் கூடாது. பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் நான்கையும் பழையதோடு பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை கண்ணில் பட்டால் ஒரு பயணம் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் அமெரிக்க விசா போல இன்னும் காலம் முடியாத விசா இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டித்தான் பயணம் செய்ய வேண்டும். விசா எதுவும் இல்லாவிட்டாலும் அடுத்த முறை படிவம் பழைய எண்ணைக் கேட்கும். இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள். உறைக்கு மேல் ஒரு தாளில் புதுக் காலாவதி தேதியையும், அதற்குக் கீழே ஒரு வருடம் முந்தைய தேதியையும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.